சகலனுக்குக் குறைந்த ஆபத்து

மே 8, வெள்ளி

விடியற்காலையே புழுக்கம். சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை. யாழ்ப்பாணம் கிளினிக். முரசுமோட்டைச் சந்தியில் பஸ் பிடித்தது நாலு பேர்: நான், பரமேஸ், அவள் தங்கை தவமணி, தவமணியின் புருசனாகிய என் சகலன் குலநாயகம். முழுப்பெயர் எழுதக் கை நோகிறது. இனி கு.

இரண்டு பேருக்கும் ஒரே வருத்தம். சிறுநீரகத்திலிருந்து மூத்திரம் இறங்கும் குழாயில் புற்று. மாசியில் ஒரே கிழமையில் வெட்டினார்கள். எனக்கு வலப்பக்கம், அவனுக்கு இடப்பக்கம். சிறுநீரகமும் குழாயும் சேர்த்து எடுத்தாயிற்று. வாட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். யன்னல் கட்டில் அவனுக்கு.

அப்போது வெட்டி எடுத்த துண்டின் றிப்போட் இன்றைக்கு. டொக்டர் சின்ன வயது, பொறுமையான பிள்ளை. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, என்ன சாதிப் புற்று, வயது என்ன, மிச்சச் சிறுநீரகம் எப்படி, எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் போட்டா. அது கணக்குப் பார்த்து ஆளைக் குறூப்பாகப் பிரிக்கும். குறைந்த ஆபத்து, நடு, கூடிய ஆபத்து.

முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்து என் காதுக்குள், "அண்ணை, எனக்குக் குறைஞ்சதாம்." தவமணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பரமேஸும் துடைத்தாள். சரி, நல்ல குறி என்று நானும் உள்ளே போனேன்.

எனக்குக் கூடிய ஆபத்து.

டொக்டர் சொன்னா: "ஐயா, இது கூட்டத்துக்குச் சொல்லுற கணக்கு. உங்களைப்போல கனபேரை வரிசையில நிப்பாட்டினால், அதில நீங்கள் எந்த ஆள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப வெளியில நிக்கிறவருக்கும் அப்பிடித்தானே?"

"ஓம், அவருக்கும் அப்பிடித்தான். குறைஞ்ச ஆபத்து எண்டாலும் மூத்திரப்பையில திரும்ப முளைக்கலாம். ரெண்டு பேரும் கமரா விட்டுப் பார்க்கக் கட்டாயம் வரவேணும். உங்களுக்கு ஊசி மருந்தும் ஏத்தவேணும். பிந்தக்கூடாது. மிச்சச் சிறுநீரகம் நல்லா வேலை செய்யுது, மருந்து தாங்கும்."

"அவன்ர சிறுநீரகத்தை விடவோ?"

அவா என்னைப் பார்த்தா. சிரிப்பை அடக்கியது தெரிந்தது. "ஓம் ஐயா. கொஞ்சம் நல்லது."

திரும்பும் பஸ்ஸில் பரமேஸ் தங்கச்சியின் கையைப் பிடித்தபடி: "தவம், உன்ர தாலிப்பாக்கியம்." தன் தாலியைப் பற்றி ஒரு கதையும் இல்லை. நான் ஆனையிறவு வெளியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மே 9, சனி

வயலுக்குத் தண்ணீர் முறை. நடக்க இன்னும் தையல் இடம் இழுக்கிறது. சிறுபோகப் பயிர் பரவாயில்லை. அவனுடையது நல்ல கரும்பச்சை.

சுருட்டு இரண்டு பேரும்தான் குடித்தோம். நான் எப்போதோ விட்டேன். அவன் ஆஸ்பத்திரியில் படுக்கப் போன அன்று காலையும் கிணற்றடியில் நின்று ஒன்று. இதைக் கொம்பியூட்டருக்குச் சொன்னார்களா தெரியாது.

அவனுக்குக் கிடைத்தவை, ஞாபகம் வந்தபடி:

– வாய்க்கால் தலைப்புக் காணி. மாமி சீதனத்தைப் பிரித்தபோது இளையவளுக்குத் தலைப்பு, மூத்தவளுக்கு வால். தண்ணீர் அவன் வயலில் குளித்துவிட்டு மிச்சம் என்னிடம் வரும்.

– தலைமயிர்.

– மகன். கனடாவிலிருந்து வீடியோவில் சிரிக்கிறான். என் மகன் சுவரில் சிரிக்கிறான், இரண்டாயிரத்து ஒன்பதிலிருந்து.

– மாமியின் வாய். "குலம் எண்டால் குலம்தான்." சாகும்வரை சொன்னா.

– இப்போது இது.

மே 11, திங்கள்

அம்மன் கோயிலில் பாக்குத் தெண்டல், வைகாசிப் பொங்கலுக்கு முதல் சடங்கு. பொங்கலுக்கு நாள் எண்ணத் தொடங்கியாயிற்று. இனி விரதம் பிடிப்பவர்கள் செத்த வீடு, பிள்ளை பெற்ற வீடு, ஆஸ்பத்திரி, ஒன்றும் மிதிக்கமாட்டார்கள். துடக்கு, தீட்டு.

கு. விரதம். வெட்டுக்கு முன் பாற்செம்பு எடுப்பதாக நேர்ந்தானாம். ஒரு செம்பு பால். அதற்கே அம்மன் குறைந்த ஆபத்து கொடுத்துவிட்டா. பரமேஸ் எனக்காக நேர்ந்தது பொங்கல், பட்டுச்சேலை, அங்கப்பிரதட்சணை. அங்கப்பிரதட்சணை செய்ய வேண்டியவன் நான், என்னைக் கேட்காமலே நேர்ந்திருக்கிறாள்.

கூடக் கேட்டதுதான் பிழையோ.

மே 13, புதன்

காற்று எழும்பிவிட்டது. வாசலெல்லாம் புழுதி.

பரமேஸிடம் சொல்லிவிட்டேன், ஊசி மருந்து வேண்டாம் என்று. அவள் அரிவாளையும் தேங்காயையும் கீழே வைத்தாள்.

"ஏனப்பா?"

"கூடின ஆபத்து எண்டு எழுதிப்போட்டினம். பேந்தென்ன."

"அதுக்குத்தானே மருந்து."

"மருந்தெடுத்து வாந்தியும் எடுத்து மொட்டையும் விழுந்து போறதை விட இப்பிடியே போறன். அவன் மீசையை முறுக்கிக்கொண்டு திரியிறான், நான் மொட்டையோட திரியவோ?"

கடைசி வசனம் சொல்லியிருக்கக்கூடாது. கறிக்கு உப்பில்லை. வேண்டுமென்றா, மறந்தா, கேட்கவில்லை.

மே 15, வெள்ளி

நெடுங்கேணியிலிருந்து பரமேஸின் ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பம் வந்தது. முதலில் கு. வீடு. ஒரு வளவு தள்ளித்தானே, சிரிப்புச் சத்தம் இங்கே கேட்டது. தேத்தண்ணி, வடை வாசம். பிறகு இங்கே வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தையும் மாற்றிக்கொண்டார்கள். அண்ணன்காரன் என் கையைப் பிடித்து விடாமல் வைத்திருந்தான். "எல்லாம் அவன் செயல்" என்றான். எனக்குக் கையை இழுத்தெடுக்கவும் வெட்கம்.

அவனுக்கு வாழைப்பழம் கொண்டுபோனார்கள். எனக்குத் தோடம்பழம், திராட்சை, பால்மா ரின். சாகப் போகிறவனுக்குச் சாமான் கூட. இதில் மட்டும் நான் முன்னுக்கு.

மே 16, சனி

விவசாயக் கந்தோர்ப் பொடியன் காலபோகத்தில் செய்தது நினைவு வந்தது. வயலில் ஒரு சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் உள்ள கதிரை மட்டும் அறுத்து நிறுத்து, முழு வயலின் விளைச்சலையும் சொல்வான். என் வயலுக்கு நல்ல விளைச்சல் சொன்னான். பிறகு மழை அடித்துப் பயிர் படுத்துவிட்டது. அவன் கணக்குப் பிழையில்லை, மழையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியென்றால் விளையாது என்று சொன்ன வயலும் விளையலாம். இது புத்திக்குத் தெரிகிறது. மனம் கேட்கவில்லை. மனம் பக்கத்து வயலைத்தான் பார்க்கிறது.

மே 18, திங்கள்

மகனுக்கு விளக்கு ஏற்றினோம். கு.வும் தவமணியும் வந்து நின்றார்கள், வழமைபோல. அவன் கண் கலங்கியிருந்தது. இன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.

மே 19, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். கிளினிக் நேர்ஸுக்குப் போன் எடுத்தேன். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்தானே, றிப்போட் ஆள்மாறிப் போயிருக்காதோ என்று.

"உங்களுக்கு எடுத்தது எந்தப் பக்கம் ஐயா?"

"வலம்."

"மற்றவருக்கு?"

"இடம்."

"வலமும் இடமும் மாறுமோ ஐயா? துண்டிலேயே எழுதித்தானே அனுப்புறது." பிறகு குரலை இறக்கி, "பயப்பிடாமல் மருந்துக்கு வாங்கோ."

பயமென்று நினைத்துவிட்டாள், நல்ல பிள்ளை. ஒரு மனிசன் தன் சகலனுக்குக் கூடிய ஆபத்து வரட்டும் என்று போன் எடுத்திருக்கிறான். பரமேஸுக்குத் தெரியாது.

மே 20, புதன்

கமராத் திகதி, இரண்டு பேருக்கும். காலை கு. வீட்டுப் படலையில் நின்று கூப்பிட்டேன். வெறும் மேலோடு, விபூதியோடு வந்தான்.

"விரதம் அண்ணை. ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கேலாது. துடக்கெல்லே."

"திகதி தந்தது அவை."

"அம்மனுக்கு நேர்ந்தது அதுக்கு முந்தி. எனக்குத்தானே குறைஞ்சது. நீங்கள் போயிட்டு வாங்கோ."

"எனக்குத்தானே குறைஞ்சது." அந்தத் தானேயை ஆனையிறவு தாண்டும்வரை மென்றுகொண்டு போனேன்.

கமரா விடுவது பற்றி எழுதமாட்டேன். மரியாதையான இடமில்லை. என் மூத்திரப்பை சுத்தம். டொக்டருக்குச் சந்தோசம். "மற்றவர் எங்க?" என்றா. நேர்த்தி என்றேன். அவா முகம் சுருங்கியது. பொங்கல் முடிந்து வரும் கிளினிக்குக்குக் கட்டாயம் கூட்டி வரச் சொன்னா. "முதல் வருசம்தான் ஐயா கூடக் கவனம். அவருக்கு வடிவா விளங்கப்படுத்துங்கோ." பிறகு ஊசி மருந்துக் கதை. யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க நாளில்லை என்றா.

பின்னேரம் வாய்க்காலில் அவனிடம் சொன்னேன். "வரட்டாம்" என்று ஒரு சொல். வடிவாக விளங்கப்படுத்தவில்லை. அவன் "பாப்பம்" என்றான், நானும் விட்டுவிட்டேன்.

மே 25, திங்கள்

பொங்கல். சனமென்றால் சனம். கடற்காற்று, புகை, பறை. பரமேஸ் பொங்கினாள், பால் நல்ல திசையில் பொங்கி வழிந்தது என்று அவளுக்கு ஆறுதல். நான் அங்கப்பிரதட்சணை செய்யவில்லை, தையல் இடம். ஐயரிடம் கேட்டு அடுத்த வருசத்துக்குத் தள்ளினாள். அடுத்த வருசம் என்று அவள் வாய் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கு. பாற்செம்பைத் தலையில் வைத்து வந்தான். வேப்பிலை, மஞ்சள் வேட்டி. சனம் வழிவிட்டது. "வருத்தம் மாறின ஆள்" என்று யாரோ சொன்னார்கள். தவமணி அவன் பின்னால், தலை நிமிர்ந்து. நல்ல வடிவாகத்தான் இருந்தது. அதுதான் எரிந்தது.

வரும்போது வான் வண்டியில் சொன்னான்: "இனி ஒண்டும் இல்லை அண்ணை. நேர்த்தி தீர்த்தாச்சு. இதுக்குப் பிறகு கமரா விட்டுப் பார்த்தால் அம்மனைச் சந்தேகப்படுறமாதிரி."

மே 28, வியாழன்

வயல். காற்றில் நாற்றெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. கு. வரம்போரம் மூத்திரம் பெய்யக் குந்தி எழும்பிப் போனான், நான் மதகடியில் நின்றது தெரியாது. அவன் இருந்த இடத்தில் யூரியாப் பை ஒன்று கிடந்தது, வெள்ளைப் பை. கிட்டப் போனேன்.

சிவப்பு. பீற்றூட் சிவப்பில்லை. எனக்கு அந்தச் சிவப்புத் தெரியும். என்னுடையதும் அப்படித்தான் தொடங்கியது, நோவும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல்.

முதலில் வந்தது என்னவென்று எழுதவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கொப்பி எதற்கு. சந்தோசம். ஓம், அதுதான். நெஞ்சுக்குள் ஏதோ இளகின மாதிரி. இப்போது நீயும் வா என்ற மாதிரி.

பையை எடுத்து வாய்க்காலில் அலசினேன். ஏன் அலசினேன் தெரியாது.

மே 29, வெள்ளி

சொல்லவில்லை.

கடைக்குப் போனேன். சீனி, நெருப்புப்பெட்டி, பரமேஸுக்குக் கால்நோ எண்ணெய். வழியில் அவன் சைக்கிளில். "அண்ணை, முகம் தெளிஞ்சிருக்கு இண்டைக்கு" என்றான்.

மே 30, சனி

சொல்லவில்லை. தவமணி பால்ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். "அத்தான், சூடா சாப்பிடுங்கோ, நீங்கள் மெலிஞ்சு போனியள்." இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவது இறங்கவில்லை.

அவன் போய்விட்டால் எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். தலைப்புக் காணி, வால் காணி, இரண்டையும் ஆர் பார்ப்பது. நானும் போனால் இரண்டு பெண்டுகளும் வெள்ளைச் சேலையில் ஒரே குசினியில். நான் இருந்தால் நானும் அங்கே, ஆரையும் பார்த்து எரியாமல். வெறும் சாப்பாடும் மருந்தும். என் வயசுக்கு, என் பொடியனைத் தூக்கி வளர்த்தவன், பொடியனின் சிரிப்புச் சத்தம்கூடத் தெரிந்தவன், வேறு ஆர் மிச்சம்.

இது நல்ல மனசென்று ஒருவரும் நினைக்கத் தேவையில்லை. எனக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான்.

மே 31, ஞாயிறு

சொன்னேன். பின்னேரம், அவன் வீட்டு மாமரத்தடியில். தவமணியும் பரமேஸும் இருந்தார்கள்.

"குலம், மூத்திரத்தோட ரத்தம் போகுது உனக்கு. நான் கண்டனான்."

அவன் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு சிரித்தான். "பீற்றூட் திண்டது அண்ணை."

"பீற்றூட் இல்லை. எனக்குத் தெரியும். புதன்கிழமை வா, கமரா விடுவம்."

சிரிப்பு நின்றது. "அண்ணை, கோவிக்காதேங்கோ. கலியாணம் கட்டின நாளில இருந்து உங்களுக்கு என்னில எரிச்சல். எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ? தண்ணியில எரிச்சல், காணியில எரிச்சல். இப்ப நான் சுகமாயிருக்கிறதும் உங்களுக்குப் பொறுக்கேல்லை."

தவமணி எழும்பிவிட்டாள். "அத்தான், உங்கட வாயால அப்பிடிச் சொல்லாதேங்கோ. அம்மனுக்குப் பால் எடுத்து ஒரு கிழமையாகேல்லை."

பரமேஸ் என்னைப் பார்த்த பார்வை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் வாய் திறந்தாள். "ஏனப்பா அதுகளின்ர சந்தோசத்தில மண் போடுறியள்?"

நாற்பது வருசம் பொய்யில்லாமல் எரிந்தேன். இன்றைக்கு ஒரு நாள் எரிச்சல் இல்லாமல் ஒரு கதை சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

யூன் 1, திங்கள்

காலை பரமேஸுக்கு எல்லாம் சொன்னேன். யூரியாப் பை, சந்தோசம், பேசாமல் இருந்த இரண்டு நாள், நேர்ஸுக்கு எடுத்த போன். ஒன்றும் விடவில்லை. அவள் அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். சந்தோசம் என்ற இடத்தில் மட்டும் திரும்பினாள்.

"அப்ப உண்மையாத்தான் கண்டனீங்கள்."

"ஓம்."

அந்தச் சந்தோசத்தால்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. கூட வாழ்ந்தவளுக்குத் தெரியும், அந்த இடத்தில் நான் பொய் சொல்லமாட்டேன் என்று. எழும்பிச் சேலையைச் சரிசெய்தாள். "வாங்கோ."

நான் கு. வீட்டு வாசலிலேயே சொன்னேன்: "குலம், நீ கமராவுக்கு வா. நான் ஊசி மருந்துக்குப் போறன்."

பரமேஸ் தங்கச்சியைப் பிடித்தாள். "தவம், அம்மன் சுகப்படுத்தினவ எண்டால் கமராவில ஒண்டும் தெரியாது. பார்த்திட்டு வரட்டன். இல்லாட்டி இந்த மனிசன் மருந்தெடுக்காமல் செத்துப்போகும், அந்தப் பழி உனக்கு."

தவமணி புருசனைப் பார்த்தாள். அவன் கீழே பார்த்தான். "அஞ்சு நாளாப் போகுது" என்றான், மெல்ல. அவளுக்குத்தான் சொன்னான், எங்களுக்கில்லை.

யூன் 3, புதன்

கிளினிக். பஸ்ஸில் பரந்தன் தாண்டிய பிறகு அவனே தொடங்கினான்.

"எனக்குப் பயம் அண்ணை."

"குறைஞ்ச ஆபத்துக்காரனுக்கு என்ன பயம்?"

"உங்களுக்கு ஊசி இருக்கு, நாள் குறிச்சிருக்கு, செய்ய ஒரு வேலை இருக்கு. எனக்கு ஒண்டும் தரேல்லை. சும்மா இருந்து பாக்கச் சொல்லியினம். வீட்டில சும்மா இருந்து எதைப் பாக்கிறது? அதுதான் அம்மனிட்டப் போனனான். அண்டைக்கு டொக்டர் உங்களோடதான் கனநேரம் கதைச்சவா. என்னை ரெண்டு நிமிசத்தில அனுப்பிப்போட்டா. எனக்கு எரிஞ்சது அண்ணை, உண்மையா."

இவ்வளவு நாளும் இந்தப் பக்கம் மட்டும்தான் நெருப்பு என்று நினைத்திருந்தேன்.

அவனை உள்ளே கூட்டிப்போனார்கள். மூத்திரப்பையில் ஒன்று முளைத்திருக்கிறது, சின்னது, மேலாக. வயிறு வெட்டத் தேவையில்லை, உள்ளால் போய்ச் சுரண்டி எடுக்கலாம் என்றா டொக்டர். நல்ல நேரத்தில் வந்தீர்களாம். அடுத்த கிழமைக்கு அடுத்த கிழமை திகதி.

அதிலும் அவனுக்குக் கத்தி இல்லை. எழுதிவிட்டேன், பழக்க தோசம்.

யூன் 9, செவ்வாய்

முதல் ஊசி. காலை இரண்டு இடியப்பம், சொதி. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். கட்டிலில் இருந்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணல். பரமேஸுக்குக் கால்நோ, கு.தான் துணை.

நேர்ஸ் கேட்டா: "ஐயாவுக்கு நீங்கள் என்ன முறை?"

"சகலன்."

"சொந்தத் தம்பி எண்டு நினைச்சன். சாடை அப்பிடியே இருக்கு." எங்கள் இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை.

டொக்டர் வந்து எட்டிப் பார்த்தா. கேட்டேன், மருந்தெடுத்தால் கொம்பியூட்டர் என்னை மற்றக் குறூப்பில் போடுமோ என்று. "குறூப் மாறாது ஐயா. அந்தக் குறூப்பில நல்லா இருக்கிற ஆக்களும் இருக்கினம். அவையில ஒராளா நீங்கள் வாறதுக்குத்தான் இது." போதும். கூட்டத்தில் முண்டியடித்து முன்னுக்குப் போய் எனக்குப் பழக்கம்தான்.

மருந்து ஏறுகிறது. கை குளிர்கிறது. வாயில் இரும்பு நக்கின மாதிரி. கு. பக்கத்துக் கதிரையில், போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். என் நெல்லை, என் வீட்டை, என்னிடம் இருந்த எதையும் அவன் இப்படிப் பார்த்ததில்லை. கையைக் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன், வடிவாகப் பார்க்கட்டும்.